அரண்மனை விலை சொன்ன அடுப்பு

என் தங்கை புருஷனைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அரண்மனை என்றால்தான் தெரியும். மனிதர் ஒன்றும் அரண்மனையில் பிறந்தவர் இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழைய சாமான் கடை வைத்திருந்தவர். கால் ஒடிந்த நாற்காலி, கதவு தொங்கும் பீரோ, யாரோ செத்த வீட்டிலிருந்து வந்த கட்டில் என்று எது கடைக்குள் வந்தாலும், "இது சாதாரணச் சாமான் இல்லீங்க, ஒரு அரண்மனையிலேர்ந்து வந்தது" என்று ஆரம்பித்துவிடுவார். உலகத்தில் எத்தனை அரண்மனை இருந்தால் இவர் ஒருத்தர் கடைக்கு இத்தனை முக்காலி வரும் என்று யாரும் கேட்டதில்லை. பெயரை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். அவருக்கு அதிலும் பெருமைதான்.

நான் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறவள். இருபத்தாறு வருஷமாக அடிக்கிறேன். பொய் சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், அவர்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. பொய்யால் அவர்களுக்கு ஏதாவது கிடைக்கும், அதற்காகச் சொல்கிறார்கள். அரண்மனை அள்ளிவிட்ட பொய்யில் அவருக்குச் செல்லாக் காசுகூட வந்ததில்லை. சும்மா, வாய் ருசிக்காகச் சொல்கிற மனிதர். அந்த வாயைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் வியாபாரம் செய்த லட்சணத்தைச் சொல்கிறேன். மேஜையை விற்க வந்தவன், "எடுத்துட்டுப் போனாப் போதும், வீட்ல இடமில்ல" என்று நிற்பான். இவர் மேஜையைத் தடவிக் கொடுப்பார். குனிந்து அடிப்பலகையை மோந்து பார்ப்பார். "இதைப் போயி இவ்வளவு குறைச்சலா நினைக்கலாமா?" என்பார். விற்க வந்தவன் உஷாராகி மூன்று மடங்கு கேட்பான். இவர் கொடுப்பார். பிறகு அந்த மேஜையை வாங்க ஒருத்தர் வந்து, ஐந்நூறு குறைத்துக் கேட்டால், "உங்களுக்கு இது ஒத்து வராது, அடுத்த தெருவுல பிளாஸ்டிக் விக்கறாங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்புவார். கடை நிரம்பி வழிந்தது. வழிந்ததை வைக்க ஒரு கிடங்கு, அதுவும் நிரம்பியதும் இன்னொரு கிடங்கு. இரண்டுக்கும் வாடகை. ஏற்றி இறக்க லாரி. எல்லாம் கடன்.

இருபத்திரண்டு வருஷம் இப்படி ஓட்டிவிட்டுக் கடைசியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். மஞ்சள் கடுதாசி கொடுக்கிற நிலைமைக்கு வந்த அன்றும், "பெரிய பெரிய கம்பெனியெல்லாம் திவாலாகுதுக்கா, சின்னவனெல்லாம் ஆக முடியுமா?" என்றார். திவாலிலும் அந்தஸ்து.

எனக்கு அவர் கடையைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் தங்கை வீட்டுப் பின்னறையில் இருந்த அடுப்பைப் பற்றித்தான்.

நாலு தட்டு வைத்து ரொட்டி சுடுகிற பெரிய கேஸ் அடுப்பு அது. பத்து வருஷத்துக்கு முன்னால், மூடிப்போன ஒரு ஹோட்டலிலிருந்து இவர் வாங்கி வந்து, வழக்கம்போல் விற்கத் தெரியாமல் வீட்டுக்குள் தள்ளியது. ஒரு வருஷம் அதன் மேல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள் தங்கை. ஒரு நாள் சிலிண்டரை மாட்டிப் பற்றவைத்துப் பார்த்தாள். அக்கம்பக்கத்துக்குப் பன் போட்டுக் கொடுத்தாள். பிறகு ஏழு டீக்கடை, ஒரு ஆஸ்பத்திரி கேன்டீன் என்று வாடிக்கை பிடித்துக்கொண்டது. வீட்டு வாடகை, மகளின் கல்லூரிக் கட்டணம், அரண்மனை போட்டுக்கொள்ளும் இஸ்திரிச் சட்டை உட்பட எல்லாம் அந்த அடுப்பில் வெந்த பன்னிலிருந்து வந்தது. கதவு சரியாக மூடாது, ஒரு கம்பியால் இழுத்துக் கட்டியிருப்பாள். சூடு காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது. ஆனால் ரசீது அவர் பெயரில் இருந்தது. அதனால் சட்டப்படி அதுவும் திவாலானவரின் சொத்து.

அதற்கும் ஒரு வழி இருந்தது. வீட்டுக்குச் சோறு போடுகிற தொழில் சாமான் நாற்பதாயிரத்துக்குள் இருந்தால் விட்டுவிடுவார்கள், அதற்கு மேல் போனால் ஏலத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். நான் ஒன்றும் தில்லுமுல்லு செய்யவில்லை. பழைய ஹோட்டல் சாமான் வாங்கி விற்கிற ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் அடுப்பைச் சுற்றி வந்து, இரண்டு தட்டு தட்டி, கம்பியைப் பார்த்துச் சிரித்து, பதினெட்டாயிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "இதுவே இந்தம்மா முகத்துக்காகத்தான் போடறேன்" என்றார். அந்தக் காகிதத்தை, எங்கள் ஆபீஸில் நானே அடித்த சொத்துப் பட்டியலோடு பத்திரமாகச் சேர்த்துத் தைத்தேன். இனி கடன் கொடுத்தவர்கள் கூட்டம் ஒன்றுதான் பாக்கி.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய் அவரை உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன்.

"தம்பி, இது கோர்ட்டு இல்ல. ஜட்ஜு இருக்க மாட்டார். ஒரு ரூம், ஒரு அதிகாரி, அவ்வளவுதான். அடையாள அட்டையைப் பார்ப்பாங்க. சத்தியம் பண்ணச் சொல்வாங்க. பேசறதை மெஷின்ல பதிவு பண்ணுவாங்க. இந்தக் கையெழுத்து உங்களுதுதானான்னு கேப்பாங்க. படிச்சுட்டுத்தானே போட்டீங்கன்னு கேப்பாங்க. சொத்து எல்லாத்தையும் காட்டிட்டீங்களா, யாருக்காவது எழுதிக் கொடுத்தீங்களா, உங்களுக்கு யாராவது தரணுமா. இதுதான் கேள்வி. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. பத்து நிமிஷத்துல வெளிய வந்துடலாம்."

"அப்ப கடன் கொடுத்தவங்க?"

"பேருதான் அவங்க கூட்டம். முக்காவாசிப் பேரு வரமாட்டாங்க. வந்தாலும் ஒண்ணு ரெண்டு கேள்வி கேக்கலாம். சத்தம் போட முடியாது. நீங்க வாயை மட்டும் கொஞ்சம் மூடி வச்சிருங்க."

"அக்கா, நான் எத்தனை கஸ்டமரைப் பாத்திருக்கேன்! பேசற விதத்துல பேசினா ஆளையே மடக்கிடலாம்."

"ஐயோ, அங்க கஸ்டமரே இல்ல தம்பி. யாரும் எதையும் வாங்க வரல. அதைத்தான் தலையில அடிச்சுச் சொல்றேன்."

சிரித்தார். தங்கை கதவருகில் நின்று மாவுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, அக்கா சொல்றதைக் கேளுங்க. அடுப்பு போயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். "நான் இருக்கேன்ல" என்றார் அரண்மனை.

கூட்டத்துக்கு மனிதர் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வந்தார். திவாலானவர் கோட்டில், அவர் பெண்டாட்டி சாயம் போன புடவையில். விரலில் ஒரு சிவப்புக் கல் மோதிரம் வேறு. வெறும் கண்ணாடி. ஆனால் அதிகாரி கேட்டுத் தொலைத்தால் மாணிக்கம் என்று சொல்லிவிடுவார் என்று தெரிந்து, வராந்தாவிலேயே கழற்ற வைத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர் கேன், குடிக்க டம்ளர் கிடையாது. முன்னால் ஒரு மேஜை, அதன் மேல் பதிவு செய்கிற கருவி. அதிகாரி நாற்பது வயதுப் பெண். காலையில் மட்டும் பன்னிரண்டு பேரை விசாரிக்க வேண்டும் என்பதால் யாரையும் நிமிர்ந்து பார்க்க அவளுக்கு நேரமில்லை. லட்சக்கணக்கில் கடன் கொடுத்த நிதி கம்பெனிகளிலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. வந்திருந்தது ஒரே ஒரு லாரிக்காரர். ஆறு மாத வாடகை பாக்கி அவருக்கு. கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு முன்னால் ஒரு முடிதிருத்துகிற பெண். ஆமா, இல்ல, இல்ல, தெரியாதுங்க, ஆமா. ஆறு நிமிஷம். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். அவளைக் கட்டிக்கொண்டு இன்னொரு முறை செய்து காட்டச் சொல்ல வேண்டும் போல் இருந்தது எனக்கு.

அரண்மனை போய் உட்கார்ந்தார். பக்கத்தில் எங்கள் ஆபீஸ் வக்கீல். நானும் தங்கையும் பின்னால். எங்களுக்கு அங்கே வாய் கிடையாது, உட்காரலாம், அவ்வளவுதான். அட்டையைக் காட்டினார், சத்தியம் செய்தார். கையெழுத்து உங்களுடையதா? ஆமா. படித்தீர்களா? ஆமா. யாருக்காவது எழுதிக் கொடுத்தீர்களா? இல்லை. பரவாயில்லையே என்று நினைத்தேன். தங்கை என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்கூட.

அதிகாரி அடுத்த தாளைப் புரட்டினாள்.

"கடைச் சாமான், கிடங்குச் சாமான் எல்லாம் ஏலத்துக்குப் போகுது. வீட்ல ஒரு கேஸ் அடுப்பு, பழசு, நாலு தட்டு. தொழில் சாமான்னு கேட்டிருக்கீங்க. பதினெட்டாயிரம்னு போட்டிருக்கு. நீங்களே இந்தத் தொழில்ல இருந்தவர். உங்க கணக்குல என்ன விலை பெறும் சார்?"

வெறும் சம்பிரதாயக் கேள்வி. அவள் பேனா 'சரி' என்று குறி போடத் தயாராக இருந்தது. பதினெட்டு என்று சொன்னால் முடிந்தது.

ஆனால் அவர் காதில் விழுந்தது 'என்ன விலை' மட்டும்தான். முதுகு நிமிர்ந்தது. கை கோட்டுப் பொத்தானுக்குப் போனது. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து லாரிக்காரர் சிரித்தார். "அந்தத் தகர டப்பாவா? நாந்தான் ஏத்திட்டு வந்தேன். பாதி வழியில கதவு கழண்டு விழுந்துச்சு."

அறையில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"டப்பாவா?" அரண்மனை திரும்பினார். "யோவ், உனக்கு வண்டி ஓட்டத் தெரியும், சாமான் தெரியுமா? மேடம், அது வெளிநாட்டு அடுப்பு. உள்ளே பூரா கெட்டி இரும்பு. இப்ப அந்த மாதிரி வார்ப்பே கிடையாது. அது இருந்த ஹோட்டல்ல பெரிய பெரிய ஆளுங்க சாப்பிட்டிருக்காங்க. அதுக்கு முன்னாடி ஒரு அரண்மனைச் சமையல்கட்டுல..."

வக்கீல் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். எங்கே நிற்கும் அது!

"...நான் ஒரு போன் போட்டா, ஒரு மணி நேரத்துல ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு வந்து தூக்கிட்டுப் போவான்."

தங்கை என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

அதிகாரி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அவள் நல்லவள்தான், சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். "சார், நீங்க சத்தியம் பண்ணியிருக்கீங்க. பட்டியல்ல பதினெட்டாயிரம்னு ஒருத்தர் எழுதிக் கொடுத்திருக்கார். நீங்க ஒரு லட்சத்து இருபதுங்கறீங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எது சரி?"

யோசித்தார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. தெரியாமல் வாய் தவறிச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். திரும்பி லாரிக்காரரைப் பார்த்தார். அவர் இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றாள். அதையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"பட்டியல் போட்டவங்களுக்குச் சாமான் மதிப்புத் தெரியாது மேடம். நான் சொல்றதுதான் விலை."

பட்டியல் போட்டவள் நான். அதை விடுங்கள். அதிகாரி பேனாவை வேறு பக்கம் நகர்த்தி ஏதோ எழுதினாள். "அப்ப இது விலக்குல வராது. ஏலத்துல சேத்துடுங்க" என்றாள். லாரிக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். அந்த ஆளுக்குக்கூட என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது.

வராந்தாவில் தங்கை கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை. "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? பொய் சொல்லச் சொல்றியா? சத்தியம் பண்ணியிருக்கேன்."

ஐம்பது வயதுக்கு அன்றுதான் சத்தியத்தின் மேல் பக்தி வந்திருக்கிறது. நான் மோதிரத்தை எடுத்து அவர் கையில் திணித்தேன். "போட்டுக்கங்க, மாணிக்கம் இல்லாம உங்களுக்குக் குளிரும்" என்றேன். புரியாமல் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

வக்கீல் மேலே எழுதிப் பார்த்தார். உரிமையாளரே, அதுவும் தொழில் தெரிந்தவரே, சத்தியம் செய்து சொன்ன விலையைத் தள்ள முடியாது, ஏலம் விட்டால் உண்மை தெரிந்துவிடும் என்று பதில் வந்தது. தெரிந்தது. அடுப்பு பத்தொன்பதாயிரத்துக்குப் போனது. நாற்பதுக்குள்தானே இருக்கிறது என்று, வண்டிக் கூலி, ஏலக் கூலியெல்லாம் கழித்துக்கொண்டு மிச்சம் பதினோராயிரத்தைத் திருப்பிக் கையில் கொடுத்தார்கள். கடன் கொடுத்தவர்களுக்கு அதில் ஒரு பைசா போகவில்லை. யாருக்கும் பிரயோசனமில்லாமல் ஒரு குடும்பத்தின் சோற்றில் மண் விழுந்தது. பதினோராயிரத்துக்கு அடுப்புக் கதவுதான் வாங்கலாம். அந்தக் கவலையும் இல்லாமல் செய்துவிட்டார் அரண்மனை. அதில் ஏழாயிரம் கொடுத்து ஒரு நிலைக்கண்ணாடி வாங்கி வந்தார். எங்கிருந்து வந்த கண்ணாடி என்று நான் கேட்கவில்லை.

"ஏலம் விட்டவனுக்கு விக்கத் தெரியலக்கா. நான் மட்டும் மைக்கைப் பிடிச்சிருந்தா..." என்று என்னிடமே ஆரம்பித்தார். எழுந்து வந்துவிட்டேன்.

அடுப்பை எடுத்தவர் கடைவீதி முனையில் இருக்கிற பேக்கரிக்காரர். முதல் மூன்று நாளும் ரொட்டி ஒரு பக்கம் கரியாகவும் மறுபக்கம் மாவாகவும் வந்ததாம். நாலாம் நாள் விசாரித்துக்கொண்டு தங்கை வீட்டுக்கே வந்துவிட்டார். "அம்மா, அந்த அடுப்புக்கு என்ன மந்திரம் போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். வேலைக்குக் கூப்பிட்டார். மாதச் சம்பளம். அவள் முன்னால் சம்பாதித்ததில் பாதிகூட வராது. போனாள். வாடகை கொடுக்க வேண்டுமே. பத்து வருஷம் தன் வீட்டில் வைத்துச் சமாளித்த அடுப்பின் முன்னால், இன்னொருத்தர் கொடுத்த மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் பொறுமையைக் கண்டால் எனக்கு அவள் மேலும் கோபம் வரும்.

அரண்மனைக்கு இப்போது கடையில்லை. தரகு என்று சொல்லிக்கொண்டு, பழைய சாமான் பார்க்க வருகிறவர்களோடு தெருத் தெருவாகச் சுற்றுகிறார். காசு வந்து நான் பார்த்ததில்லை. கோட்டு மட்டும் போடுகிறார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் விட்டு ரொட்டி வாங்கப் பேக்கரிக்குப் போயிருந்தேன். அடுப்பு தெருவைப் பார்த்த பக்கம், பெரிய ஜன்னலுக்கு உள்ளே இருக்கும். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று முதலாளி அப்படி வைத்திருக்கிறார். சூட்டுக்காக ஜன்னல் திறந்தே கிடக்கும். தங்கை குனிந்து தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வெளியே அந்தக் குரல் கேட்டது.

"பாத்தீங்களா, இந்த அடுப்பு? நம்ம வீட்டுது. லட்சத்துக்கு மேல மதிப்பு. என்கிட்டேர்ந்துதான் இவங்க வாங்கினாங்க."

கூட வந்த ஆள் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். தங்கை முகமெல்லாம் வேர்வையும் மாவுமாக நிமிர்ந்தாள். அந்த ஆள் அரண்மனையைப் பார்த்துக் கேட்டார், "இந்தம்மா உங்களையே பாக்கறாங்களே, தெரிஞ்சவங்களா?"

அரண்மனை உள்ளே பார்த்தார். இரண்டடி தூரம்கூட இருக்காது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சேச்சே. யாரோ இங்க வேலைக்கு இருக்கற பொம்பள" என்றார். அந்த ஆளின் முதுகில் கை போட்டு நடத்திக்கொண்டு போய்விட்டார்.

செருப்பைக் கழற்றிக்கொண்டு ஓட வேண்டும், நடுத்தெருவில் வைத்து அந்தக் கோட்டைக் கிழிக்க வேண்டும் என்று வாசல்வரை போய்விட்டேன். தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா, போகாதே. நில்லு."

தட்டை வெளியே இழுத்தாள். பன் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தது. அதைப் பலகையில் கவிழ்த்துவிட்டு, அடுத்த தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"உன் வீட்ல எனக்கும் பொண்ணுக்கும் இடம் இருக்குமாக்கா? இன்னிக்கே வரணும்."

என் வீட்டில் இருப்பது ஒன்றரை அறை. "இருக்குடி, வா" என்றேன்.